எருக்கைக் கண்டால் நில்லுங்கள்: வட சென்னையில் கோடைக்காலப் பட்டாம்பூச்சி நடை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் குடியிருந்துகொண்டு பட்டாம்பூச்சி பார்க்கப் போகிறேன் என்றால் சிரிக்கத்தான் செய்வார்கள். "நம்ம பக்கம் கன்டெய்னர் லாரிதான்பா பறக்கும்" என்றார் ஒரு நண்பர். அவரையே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மீஞ்சூர் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். இப்போது அவர்தான் எனக்கு முன்னால் ரயில் நிலையத்தில் வந்து நிற்கிறார். அவரும் கூட வந்த மற்றவர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றைக் கீழே எழுதியிருக்கிறேன். பங்குனிக் கடைசியிலிருந்து வைகாசி வரைக்குமான நடைக்கு இது பொருந்தும்.

இந்த வெயிலில் பட்டாம்பூச்சி இருக்குமா?

இருக்கும். ஆனால் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் சரி செய்துகொள்ள வேண்டும். குளிர்நாட்டில் வசந்தத்தின் கடைசி என்றால் பூவும் பூச்சியும் பொங்கி வழியும் காலம். நமக்கு அது அக்னி நட்சத்திரம். சென்னைக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான் வருகிறது. செடி தளிர்ப்பது, புழு தின்பது, பூச்சி பெருகுவது எல்லாம் அந்த மழையைத் தொட்டே நடக்கும். எண்ணிக்கைதான் வேண்டும் என்றால் அக்டோபர் முதல் ஜனவரி வரை நடங்கள்.

பிறகு எதற்குச் சித்திரையில் போக வேண்டும்? எனக்கு இரண்டு காரணங்கள். கோடையில் பச்சை குறைவு. தண்ணீர் தேங்கிய இடம், நிழல், பூத்த ஒற்றைச் செடி என்று பூச்சிகள் சில இடங்களிலேயே கூடிவிடும். எங்கே பார்ப்பது என்று தெரிந்தவருக்குத் தேடும் வேலை பாதியாகிறது. இரண்டாவது, கோடையில் மட்டும் அணியும் உடுப்பு சில பட்டாம்பூச்சிகளுக்கு உண்டு. அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன். நடுவில் ஒரு மாங்காய் மழை பெய்துவிட்டால் அடுத்த பத்து நாள் யோகம்தான்.

எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

ஏழு மணிக்கு இடத்தில் இருங்கள். பட்டாம்பூச்சிக்கு உடம்புச் சூடு வெளியிலிருந்துதான் வர வேண்டும். அதனால் காலை வெயிலில் இறகை விரித்துச் சற்று நேரம் அசையாமல் காயும். படம் எடுக்க அதைவிட நல்ல நேரம் இல்லை. ஒன்பதரைக்குப் பிறகு எல்லாம் ஓட்டம்தான். பதினொரு மணிக்கு மேல் அவையே நிழலுக்குப் போய்விடுகின்றன. நாம் எதற்கு வெயிலில் நிற்க வேண்டும்?

எண்ணூர் கடற்கரை ஓரத்துக்கு இன்னொரு கணக்கும் சேரும். காலையில் அசையாத இலை, கடற்காற்று எழுந்ததும் ஆடத் தொடங்கும். செடி ஆடினால் மேக்ரோ படம், அதாவது மிகக் கிட்ட நின்று எடுக்கும் படம், அவ்வளவுதான்.

மாலை ஐந்தரைக்கு மேல் ஒரு சிறிய சுற்று வரலாம். ஈவ்னிங் பிரவுன் என்று ஒன்று, பெயருக்கேற்றபடி அந்தி மயங்கும்போது சருகுக்குள்ளிருந்து எழும்.

வட சென்னையில் எங்கே போவது?

நான் போகும் இடங்களைச் சொல்கிறேன்.

மாதவரம் தாவரவியல் பூங்கா முதல் முறை வருபவர்களுக்கு நல்லது. தோட்டக்கலைத் துறையுடையது. சுற்றிலும் வேலி, நிழல், உட்கார பெஞ்சு, கழிப்பறை. வயதானவர்களும் குழந்தைகளும் வந்தால் அங்கேதான் கூட்டிப்போகிறேன். நெட்டிலிங்க மரம் உள்ள தெருவில் டெய்ல்டு ஜே என்கிற பட்டாம்பூச்சி சர்ரென்று பாயும். பச்சைப் புள்ளி போட்ட கறுப்பு அம்பு அது. அதன் புழு நெட்டிலிங்க இலையைத் தின்று வளர்கிறது. பூங்காவுக்குள் போகாமலேயே, மாதவரம் தெருக்களில் அந்த மரத்தின் கீழ் நின்றும் பார்க்கலாம்.

புழல் ஏரி 1876இல் கட்டியது. சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரி என்பதால் கரைமேல் நினைத்தபடி ஏற விடமாட்டார்கள், ஏற முயலவும் வேண்டாம். சுற்றியுள்ள தெருக்களின் காலி மனைகளே போதும். செங்குன்றம் தாண்டிச் சோழவரம் போகும் வழியில் வயல் வரப்புகளில் நடக்க முடிந்தால் இன்னும் நல்லது. வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். இதுவரை எனக்கு யாரும் மறுத்ததில்லை. ஒருவர் நுங்கு வெட்டிக் கொடுத்தார்.

என் மனசுக்குப் பிடித்தது கும்மிடிப்பூண்டி மின்ரயில் பாதைதான். திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர், அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம், மீஞ்சூர், அனுப்பம்பட்டு, பொன்னேரி. ஒவ்வொரு நிலையமாக ஊர் கலைந்து வயலாக மாறுவதை ஜன்னலிலிருந்தே பார்க்கலாம். அனுப்பம்பட்டில் இறங்கி ஊருக்குள் பத்து நிமிடம் நடந்தால் போதும். தண்டவாள ஓரம் மட்டும் நடக்கக் கூடாது. அது ஆபத்து, சட்டப்படி குற்றமும்கூட.

பொன்னேரியிலிருந்து பஸ் பிடித்தால் பழவேற்காடு. எல்லோரும் பூநாரையையும் டச்சுக்காரர் கல்லறையையும் பார்க்கப் போவார்கள். நாங்கள் மணல் மேட்டிலுள்ள முட்புதர்களைப் பார்க்கப் போகிறோம். உகாய் மரமும் சங்கஞ்செடியும் அங்கே இருக்கின்றன. அவற்றை நம்பி வாழ்வது ஸ்மால் சால்மன் அராப். வெள்ளையும் இல்லாத, ரோஜாவும் இல்லாத, மீன் சதைபோல ஒரு நிறம். தாழப் பறந்து அடிக்கடி அமரும், ரொம்ப தூரம் போகாது. படம் எடுக்க இதைப் போல ஒத்துழைக்கும் பூச்சி குறைவு.

எண்ணூர் முகத்துவாரத்தையும் சொல்ல வேண்டும். சாம்பல், புகை, 2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்து படிந்த எண்ணெய் என்று அந்த இடம் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். அங்கே அழகான காட்சி கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பக்கத்து எருக்கம் புதரில் நான் வெறுங்கையோடு திரும்பியது இல்லை.

போய் நின்றேன். ஒன்றும் கண்ணில் படவில்லை. எப்படித் தேடுவது?

பட்டாம்பூச்சியைத் தேடாதீர்கள், செடியைத் தேடுங்கள். எனக்கு இது புரிய இரண்டு வருடம் ஆனது. அதுவரை கேமராவைத் தூக்கிக்கொண்டு பூச்சிக்குப் பின்னால் ஓடி, மங்கலான மஞ்சள் கறைகளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

பூவில் தேன் குடிக்க எது வேண்டுமானாலும் வரும். முட்டை இடுவதற்கு அப்படி இல்லை. ஒவ்வொரு இனத்துக்கும் அதனதன் செடி உண்டு. அந்த இலையைத்தான் புழு தின்னும். பெண் பூச்சி இலை இலையாகக் காலால் தட்டி, இது நம் செடிதானா என்று சோதித்துவிட்டுத்தான் முட்டை வைக்கும். அதனால் செடி இருக்கும் இடத்தில் காத்திருந்தால் பூச்சி வந்தே தீரும்.

எருக்கிலிருந்து தொடங்குங்கள். வட சென்னையில் எருக்கு இல்லாத காலி மனை ஏது? அதில் வெந்தய வரியன் முட்டையிடும். ஆங்கிலத்தில் பிளெயின் டைகர். வெந்தய நிறம், கறுப்பு ஓரம், வெள்ளைப் பொட்டு. இலையைத் திருப்பிப் பார்த்தால் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வளையம் போட்ட புழு கிடைக்கலாம். எருக்கம்பால் நஞ்சு. அதைத் தின்று வளர்ந்ததால் பறவைகள் இந்தப் பூச்சியைத் தொடத் தயங்கும். அந்தத் தைரியத்தில் மெதுவாக, ஏதோ கல்யாண வீட்டுக்கு வந்தவர்போலப் பறக்கும். படம் எடுக்கப் பழகுபவருக்கு முதல் வாத்தியார் இதுதான்.

அடுத்தது சரக்கொன்றை. சித்திரையில் மஞ்சளாகத் தொங்கும் மரத்தில் எல்லோரும் பூவைப் பார்ப்பார்கள், நீங்கள் தளிரைப் பாருங்கள். காமன் எமிகிரன்ட் என்கிற வெளிர்மஞ்சள் பூச்சி அங்கேதான் சுற்றும். கோயில் வாசலில் அரளி இருந்தால் காமன் க்ரோ. அதன் கூட்டுப்புழு வெள்ளிப் பாத்திரம்போல மின்னும், உங்கள் முகமே அதில் தெரியும். எலுமிச்சை, நாரத்தை, வில்வம், கறிவேப்பிலை ஆகியவற்றில் லைம் பட்டர்ஃபிளையும் காமன் மார்மனும். இலந்தையில் காமன் பியரோ: வெள்ளையில் கறுப்புப் பொட்டு, கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிது. ஆமணக்கில் காமன் காஸ்டர். வேலியில் படரும் சிறுபூனைக்காலியில் டானி காஸ்டர். புங்க மரத்தில் நீலன்கள் என்கிற சிறிய பட்டாம்பூச்சிகள் சில. தரையோடு படர்ந்த ஆடுதின்னாப்பாளையைக் கண்டால் உட்கார்ந்தே விடுங்கள். சிவப்புடல் அழகி, ஆங்கிலத்தில் கிரிம்சன் ரோஸ், அதற்காகத்தான் வரும்.

ஒன்று கவனித்தீர்களா? இதில் பாதி, மாநகராட்சி ஆள் வந்தால் முதலில் வெட்டும் செடிகள். 'குப்பைச் செடி' என்று பெயர் வாங்கியவை. வட சென்னையில் யாரும் கண்டுகொள்ளாத மனைகள் நிறைய இருப்பதால்தான் நமக்கு இந்தப் பூச்சிகள் மிஞ்சியிருக்கின்றன என்பது என் எண்ணம். பூங்காவில் வரிசையாக நட்ட அலங்காரச் செடிகளில் இதில் கால்வாசிகூட இருக்காது. சீமைக் கருவேலமும் அப்படித்தான். தேனுக்கு வருவார்கள், பிள்ளை வளர்க்கப் பெரும்பாலும் வரமாட்டார்கள்.

தேனுக்கு என்றால் தாத்தாப்பூ, உண்ணிச்செடி, நாயுருவி, இட்லிப்பூ. கோடையில் பூத்துக் கிடக்கும் ஒரு உண்ணிப் புதரின் முன்னால் அரை மணி நேரம் நின்றால் ஏழெட்டு இனமாவது வந்துபோகும்.

தண்ணீர் லாரி நிற்கும் இடத்தில் பட்டாம்பூச்சி கூட்டமாக உட்கார்ந்திருந்ததே?

நல்ல கண் உங்களுக்கு. தேனில் சர்க்கரை இருக்கிறது, உப்பு இல்லை. அதனால் ஈரச் சேற்றில் உட்கார்ந்து உப்பையும் தாதுவையும் உறிஞ்சும். பெரும்பாலும் ஆண்கள்தான். இணைசேரும்போது அந்த உப்பைப் பெண்ணுக்கும் கொடுக்கின்றன. முட்டைக்கு அது உதவுகிறது.

காடு என்றால் ஓடைக்கரையில் நடக்கும் விஷயம் இது. நமக்குத் தெருமுனைச் சின்டெக்ஸ் தொட்டியின் கீழே, அடி பம்பைச் சுற்றி, லாரிக் குழாய் ஒழுகும் பள்ளத்தில். மாடு கட்டும் இடத்து ஈரம் இன்னும் விசேஷம். குடிக்கும்போது நம்மைக் கவனிக்காது. ஆனால் குடம் வைக்கப் போகிறவர்களுக்கு வழிவிட்டு நில்லுங்கள். தண்ணீர் வரிசையில் கேமராவோடு குறுக்கே படுத்தால் திட்டு வாங்குவது நியாயமே. வியர்த்த கையில்கூட சில நீலன்கள் வந்து உட்காரும். அசையாமல் இருந்தால் ஐந்து நிமிடம் உங்களோடுதான்.

செல்போன் போதுமா?

தொடங்குவதற்குப் போதும். ஒரே ஒரு தவறைத் தவிர்த்தால் சரி. போனில் 'மேக்ரோ' என்று இருப்பதை அழுத்தாதீர்கள். பல போன்களில் அது அகலக் கோண லென்ஸைத்தான் பயன்படுத்தும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் கிட்டே போனால்தான் வேலை செய்யும். முட்டைக்கும் புழுவுக்கும் நல்லது. பறக்கும் பூச்சி அதற்குள் பக்கத்துத் தெருவுக்குப் போயிருக்கும். இரண்டு மடங்கு அல்லது மூன்று மடங்கு லென்ஸை வைத்துக்கொண்டு ஒன்றரை அடி தள்ளி நின்று எடுங்கள். திரையில் பூச்சியின் கண்மேல் விரலால் தொட்டு ஃபோகஸ் செய்யுங்கள். ஐந்தாறு படம் தொடர்ச்சியாக எடுங்கள், பிறகு வீட்டில் கழிக்கலாம்.

கேமராவில் என்ன வைக்க வேண்டும்?

100 மில்லிமீட்டர் சுற்றுவட்டத்து மேக்ரோ லென்ஸ் இருந்தால் மகிழ்ச்சி. இல்லாவிட்டால் கவலையில்லை. 70–300 ஜூமை 300இல் வைத்து நாலைந்து அடி தள்ளி நின்றே நல்ல படம் எடுக்கிறார்கள், நானும் பல வருடம் அப்படித்தான் எடுத்தேன். முகம் தெரிந்த பழைய கேமரா கடைகளில் எக்ஸ்டென்ஷன் டியூப் கேட்டுப் பாருங்கள். லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டும் வெற்றுக் குழாய் அது. உள்ளே கண்ணாடி கிடையாது, விலையும் குறைவு, இன்னும் கிட்டப் போக விடும்.

உட்கார்ந்திருக்கும் பூச்சிக்கு ஷட்டர் வேகம் 1/500, லென்ஸ் திறப்பு எஃப்8, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 400. மார்மன், சிவப்புடல் அழகி போன்ற அழகி வகைகள் தேன் குடிக்கும்போதும் இறகை உதறிக்கொண்டே இருக்கும். அவற்றுக்கு 1/1000க்கு மேல் போங்கள். மேக வெளிச்சத்தில் ஐஎஸ்ஓவைத் தயங்காமல் ஏற்றுங்கள். கொஞ்சம் புள்ளி விழுந்த கூர்மையான படம், வழவழப்பான மங்கல் படத்தைவிட மேல்.

வெள்ளைப் பூச்சிகளில் எல்லோரும் ஒருமுறை ஏமாறுவார்கள். நம் வெயிலில் எமிகிரன்ட் இறகு, சுண்ணாம்பு அடித்த சுவர்போல வெளுத்துப் போகும். நரம்பு ஒன்றும் தெரியாது. எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, −0.7க்கு இறக்குங்கள். கறுப்பு மார்மனுக்கும் சிறிது இறக்கத்தான் வேண்டும். இல்லாவிட்டால் கேமரா கறுப்பைச் சாம்பலாக்கிக் காட்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் கோணம். இறகு மூடியிருந்தால் கேமரா அந்த இறகுக்குச் சரியாக நேர்ப்பக்கத்தில் இருக்க வேண்டும். சற்றுச் சாய்ந்தாலும் இறகின் ஒரு நுனி மங்கிவிடும். எந்த லென்ஸாலும் அதைச் சரிசெய்ய முடியாது, முழங்காலைத்தான் மடக்க வேண்டும்.

கிட்டப் போனாலே பறந்துவிடுகிறதே?

உங்கள் நிழல் அதன்மேல் விழுந்திருக்கும். சூரியன் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுச் சுற்றி வாருங்கள்.

நிழல் இல்லாவிட்டால் உயரம்தான் காரணம். நின்றபடி போகாதீர்கள். பத்தடி தூரத்திலேயே குந்திக்கொண்டு, வாத்து நடை நடந்து போங்கள். பக்கவாட்டு அசைவைத்தான் பூச்சி சட்டென்று கவனிக்கும். நேராக, மெல்ல நெருங்கினால் பொறுத்துக்கொள்ளும். முதல் படத்தைத் தூரத்திலிருந்தே எடுத்துவிடுங்கள், பிறகு ஒவ்வொரு அடிக்கும் ஒரு படம். பறந்துவிட்டால் துரத்தாதீர்கள், அங்கேயே நில்லுங்கள். வசீகரன் என்று தமிழில் சொல்லும் பேன்ஸி வகைகள் தங்கள் இடத்தைக் காவல் காக்கும். ஒரு சுற்றுப் போய்விட்டு அதே கல்லில் வந்து உட்காரும். நான் ஒரு லெமன் பேன்ஸியை ஒரே ஓட்டுத் துண்டின்மேல் பதினொரு முறை எடுத்திருக்கிறேன்.

கறுப்பில் சிவப்பு இருப்பதெல்லாம் ஒரே பூச்சியா?

இல்லை, இங்கே ஒரு நாடகம் நடக்கிறது. வேடம் போடுபவர்கள் பெண்கள்.

சிவப்புடல் அழகியும் காமன் ரோஸும் ஆடுதின்னாப்பாளை வகையைத் தின்று வளர்வதால் நஞ்சுள்ளவை. பறவைகளுக்கு அது தெரியும். கறிவேப்பிலையில் வளரும் காமன் மார்மனுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால் மார்மனின் பெண்களில் ஒரு வகை சிவப்புடல் அழகியைப் போலவும், இன்னொரு வகை காமன் ரோஸைப் போலவும் உடுத்தி வரும். மூன்றாவது வகைப் பெண் வேடமே போடாமல் ஆணைப் போல இருக்கும். மூன்று பேரும் ஒரே தாயின் பிள்ளைகளாகக்கூட இருக்கலாம்.

எப்படிப் பிரிப்பது? உடம்பைப் பாருங்கள். ரோஸ் வகைகளுக்கு உடம்பே சிவப்பு. மார்மன் இறகில் எவ்வளவு சிவப்பு பூசிக்கொண்டாலும் உடம்பு கறுப்புதான். வேடக்காரர் மேக்கப்பைக் கழுத்துக்குக் கீழே போட மறந்ததுபோல.

எருக்கம் புதரிலும் இதே கதை உண்டு. டானைட் எக்ஃபிளை என்கிற பூச்சியின் ஆண், கறுப்பில் வெள்ளை வட்டம் போட்டது. பெண் அச்சு அசலாக வெந்தய வரியன். பின்னிறகைப் பாருங்கள்: வரியனுக்கு நடுவில் மூன்று நான்கு கரும்புள்ளிகள், எக்ஃபிளைப் பெண்ணுக்கு மேலோரத்தில் ஒன்றே ஒன்று. வரியனிலும் நான்கு புள்ளி இருந்தால் ஆண், மூன்று என்றால் பெண். எக்ஃபிளையின் புழு தின்பது நாம் சமைக்கும் பருப்புக்கீரை. இரண்டு வருடம் நான் 'வெந்தய வரியன்' என்று பெயரிட்டு வைத்திருந்த கோப்பில் மூன்று எக்ஃபிளைகள் உட்கார்ந்திருந்தன. பழைய படங்களை அவ்வப்போது திரும்பப் பார்ப்பது நல்லது.

காய்ந்த இலைபோல ஒன்றை எடுத்தேன். புத்தகப் படத்தோடு ஒத்துப்போகவில்லை.

இதுதான் மேலே சொன்ன கோடை உடுப்பு. ஈவ்னிங் பிரவுன், மயில் வசீகரன் போன்றவற்றுக்கு மழைக்கால உரு ஒன்று, வறட்சிக்கால உரு ஒன்று. மழைக்காலத்தில் இறகின் அடிப்பக்கத்தில் கண்போன்ற வட்டங்கள் தெளிவாக இருக்கும். கோடையில் அவை மங்கி, சில சமயம் அடியோடு மறைந்து, இறகு முழுக்கச் சருகின் நிறமாகும். மயில் வசீகரனின் இறகோரமும் கோணலாகி, இலைக்காம்புபோல ஒரு வால் நீளும். சுற்றிலும் எல்லாம் காய்ந்து கிடக்கும்போது பளிச்சென்று கண் வைத்திருந்தால் ஓணான் வாயில்தான் போக வேண்டும். புழுவாக இருக்கும்போது கிடைக்கும் வெப்பம், ஈரம் முதலியவை எந்த உடுப்பு என்பதை முடிவு செய்கின்றன.

ஆக, அடிப்பக்கப் படம் ஒன்று, மேல்பக்கப் படம் ஒன்று. இரண்டும் இருந்தால்தான் பெயர் சொல்ல முடியும். கோடையில் அடிப்பக்கத்தைத் தவறவிட்டால், அந்தக் காலத்தின் ருசியையே தவறவிட்டீர்கள்.

பட்டாம்பூச்சியா, அந்துப்பூச்சியா?

உணர்கொம்பின் நுனியைப் பாருங்கள். தீக்குச்சித் தலைபோலத் தடித்திருந்தால் பட்டாம்பூச்சி. இறகுபோலவோ வெறும் நூல்போலவோ இருந்தால் பெரும்பாலும் அந்து. பகலில் பறக்கும் அழகான அந்துகளும் உண்டு. அவற்றையும் எடுங்கள், பாவம், யாரும் எடுப்பதில்லை.

பெயரைத் தமிழில் சொல்வதா, ஆங்கிலத்திலா?

இரண்டிலும். களத்தில் எங்களுக்குள் 'மார்மன்', 'க்ரோ' என்றுதான் கத்துகிறோம். ஆனால் கூட வரும் சிறுவர்களிடம் வெந்தய வரியன், எலுமிச்சை அழகி, கொன்னை வெள்ளையன் என்று சொன்னால் ஒரே தடவையில் மனதில் நிற்கிறது. பெயரிலேயே நிறமோ செடியோ இருக்கிறது அல்லவா? 2019இல் தமிழக அரசு தமிழ் மறவனை மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தது. அது மேற்குத் தொடர்ச்சி மலைக்காரர், மணலியில் தேடாதீர்கள்.

ஒரே திசையில் நூற்றுக்கணக்கில் போனதைப் பார்த்தேன். எங்கே போகின்றன?

புளூ டைகர், டார்க் புளூ டைகர், க்ரோ வகைகள் தமிழ்நாட்டில் வலசை போகின்றன. தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன், ஏப்ரல் முதல் ஜூன் வாக்கில், மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே சமவெளிக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைகளுக்கும் வரும். வடகிழக்குப் பருவமழையை ஒட்டி மேற்கே திரும்பும். கோவைப் பக்கத்துப் பார்வையாளர்கள் இதைப் பல ஆண்டுகளாகப் பதிந்து வருகிறார்கள். நம் பக்கம் அவ்வளவு பெரிய கூட்டம் அடிக்கடி வருவதில்லை. வந்தால் திசை, நேரம், பத்து நிமிடத்தில் எத்தனை என்று குறித்துவையுங்கள். படத்தைவிட அந்தக் குறிப்பு மதிப்புள்ளது.

அவை இறங்கும் இடம் தெரிய வேண்டுமா? தேள்கொடுக்குச் செடியையும் கிலுகிலுப்பையையும் பாருங்கள். காய்ந்த தண்டைக்கூடச் சுரண்டி உறிஞ்சும். பெண்ணைக் கவரும் வாசனைக்கு வேண்டிய சரக்கு ஆண்களுக்கு அங்கேதான் கிடைக்கிறது.

கேமராவைப் பார்த்துக் காவலாளி நிறுத்தினால்?

வட சென்னைக்கே உரிய கேள்வி. துறைமுகம், அனல்மின் நிலையம், சுத்திகரிப்பு ஆலை, ரயில்வே நிலம் என்று சுவருக்குச் சுவர் ஏதாவது ஒன்று. எனக்கும் நடந்திருக்கிறது. பெரிய ஆலை ஒன்றின் மதிலுக்கு வெளியே, எருக்கிலைமேல் லென்ஸை வைத்திருந்தேன். காவலாளி வந்து அரை மணி நேரம் நிறுத்திவைத்தார். கோபப்படாமல் திரையில் புழுவைக் காட்டினேன். "இதுக்கா சார் காலங்காத்தால வந்தீங்க?" என்றார். பிறகு அவர் ஊரில் பார்த்த பூச்சிகளைப் பற்றிப் பேச்சு திரும்பியது.

பாடம் இதுதான்: மதிலை, கோபுரத்தை, குழாயை ஃபிரேமில் விடாதீர்கள். தடை செய்த இடம் என்று பலகை இருந்தால் போகாதீர்கள். அவர் வேலையை அவர் செய்கிறார். எருக்கு வேறு இடத்திலும் இருக்கிறது.

குழந்தைகளை அழைத்து வரலாமா?

கட்டாயம். என்னைவிட அவர்களுக்குத்தான் முட்டை முதலில் தெரிகிறது. தட்டான் வாலில் நூல் கட்டிய தலைமுறை நாம். அந்தக் கலையை மட்டும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். பட்டாம்பூச்சி இறகைப் பிடித்தால் கையில் ஒட்டும் பொடி அதன் செதில்கள், திரும்ப முளைக்காது. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பெரிய தொந்தரவு. இலையைத் திருப்பியபின் கை கழுவ வையுங்கள்.

பிடித்துக் குளிரூட்டி, அசையாமல் செய்து படம் எடுக்கிறார்களாமே?

செய்யாதீர்கள். அப்படி எடுத்த படம் பார்த்தாலே தெரியும். பூச்சி உட்காரும் விதமே தப்பாக இருக்கும். பல இனங்கள் 1972ஆம் ஆண்டு வன உயிர் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் வருபவை. பிடித்துவைப்பது வழக்கில் முடியலாம்.

என்னென்ன கையில் வேண்டும்?

இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, முழுக்கை சட்டை. ரப்பர் செருப்பு கூடாது. சீமைக் கருவேல முள் அதைத் துளைத்துக்கொண்டு பாதத்துக்கு வரும். புதருக்குள் கை விடுமுன் குச்சியால் தட்டுங்கள், விரியன் நிழலில் படுத்திருக்கும். தலை சுற்றினால் நடையை அங்கேயே முடித்துவிடுங்கள். மீஞ்சூரில் இறங்கும்போதே மோர் விற்பவர் எங்கே இருக்கிறார் என்று பார்த்துவைப்பது என் வழக்கம்.

எடுத்த படங்களை என்ன செய்வது?

இடம், தேதி, செடி மூன்றையும் சேர்த்து ஐநேச்சுரலிஸ்ட்டிலோ, ஐ ஃபவுண்ட் பட்டர்ஃபிளைஸ் தளத்திலோ ஏற்றுங்கள். பெயர் தெரியாவிட்டாலும் அங்கே யாராவது சொல்வார்கள். மங்கலான படமாக இருந்தாலும் பரவாயில்லை. வட சென்னையிலிருந்து பதிவுகள் இன்னும் நிறைய வர வேண்டும்.

வெளியே போக நேரமில்லை. வீட்டிலேயே பார்க்க முடியுமா?

மாடியில் ஒரு தொட்டியில் கறிவேப்பிலையும் இன்னொன்றில் எலுமிச்சையும் வையுங்கள். பூச்சி மருந்து அடிக்காதீர்கள். சில வாரத்தில் இலைமேல் காக்கை எச்சம்போல ஒன்று ஒட்டியிருக்கும். துடைத்துவிடாதீர்கள், அது லைம் பட்டர்ஃபிளையின் அல்லது மார்மனின் குட்டிப் புழு. வளர்ந்தபின் பச்சையாகும். சீண்டினால் தலையிலிருந்து இரண்டு கொம்பு நீட்டி நாற்றம் விடும், குழந்தைகளுக்கு அது பெரிய வேடிக்கை. கோடையில் மூன்று நான்கு வாரத்துக்குள் முட்டை பூச்சியாகிவிடும். செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தால் அதையும் ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். ஏப்ஃபிளையின் புழு இலை தின்னாது, மாவுப்பூச்சியைத்தான் தின்னும். அதன் கூட்டுப்புழு குரங்கு முகம்போல இருக்கும். பெயரே அதனால் வந்ததுதான்.

எங்கள் வீட்டில் முதல் வருடம் ரசத்துக்குத் தாளிக்கக் கறிவேப்பிலை மிஞ்சவில்லை. அம்மா விளக்குமாற்றோடு மாடிக்குப் போய்விட்டார். இப்போது ஒப்பந்தம் ஆகியிருக்கிறது: கறிவேப்பிலை சமையலுக்கு, எலுமிச்சை பூச்சிக்கு. கறிவேப்பிலையில் புழுவைப் பார்த்தால் அம்மாவே இலையோடு கிள்ளி எலுமிச்சையில் கொண்டுபோய் வைக்கிறார். போன வாரம் மட்டும் ஐந்து.